தரம் ஒன்றுப் பிள்ளைகளுக்கு மாதங்கள் படிப்பித்த அனுபவம்

தரம் ஒன்றுக்கு வருகிற பிள்ளைகளில் பலருக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே மூச்சில் சொல்லத் தெரியும். முன்பள்ளியில் பாட்டாகப் பழக்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வருகிற மாமா, சித்தி எல்லாருக்கும் முன்னால் நிறுத்திச் சொல்லவைத்தும் இருப்பார்கள். ஆனால் "இப்ப நடக்கிறது என்ன மாசம் மனே?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு பிள்ளை "ஜனவரி" என்னும். பாட்டில் முதலில் வருவது அதுதானே. இன்னொன்று "திங்கள்" என்னும். "ஜூலைக்குப் பிறகு என்ன?" என்று கேட்டால், கெட்டிக்காரப் பிள்ளையும் ஜனவரியில் தொடங்கி உதட்டை அசைத்துக்கொண்டே வந்துதான் ஓகஸ்டைப் பிடிக்கும்.

நான் மட்டக்களப்பில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. முதலில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரைப் பாடசாலை ஒன்றில் இருந்தேன். பிறகு கொஞ்சக் காலம் கல்முனைப் பக்கம். இப்போது வாவிக்கு மேற்கே படுவான்கரை. மூன்று இடத்திலும் பாடப்புத்தகம் ஒன்றுதான், பிள்ளைகளின் வருடம் வேறு வேறு. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு வருடம் ஒரு மாதிரி ஓடும், வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இன்னொரு மாதிரி. அதனால் பெயர் வரிசையைக் கொஞ்சம் பின்னுக்கு விட்டு, அந்தந்த ஊரில் பிள்ளையின் கண்முன்னே நடப்பதில் இருந்து மாதத்தைத் தொடங்குகிறேன். அப்படித் தொடங்கினால்தான் அது பிள்ளையிடம் நிற்கிறது. புதிதாக வந்திருக்கிற ஆசிரியர்களுக்கும், வீட்டில் சொல்லிக்கொடுக்கிற அம்மாமாருக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலாம் தவணையில் மாதத்துக்கு நான் அவசரப்படுவதில்லை. ஐந்தரை, ஆறு வயதில் நேற்று, இன்று, நாளையே இன்னும் சரியாகப் பிடிபட்டிருக்காது. "நேற்று எங்கட வளவுக்க யானை வந்த டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது போன வருடமாகவும் இருக்கலாம். நடந்து முடிந்ததெல்லாம் அதற்கு நேற்றுத்தான். கிழமையின் ஏழு நாட்களே கைக்கு வராத பிள்ளைக்கு முப்பது நாள் கொண்ட ஒன்றை எப்படி விளங்கப்படுத்துவது? ஆகவே முதலில் நாள், பிறகு கிழமை, அதற்கும் பிறகுதான் மாதம்.

இதற்கு என்னிடம் இருக்கிற மிக நல்ல சாமான், வருட முடிவில் கடைகளில் கொடுப்பார்களே, நாளுக்கு ஒரு தாளாகக் கிழிக்கிற கலண்டர், அதுதான். இலக்கம் பெரிதாக உள்ள ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு பிள்ளை முன்னால் வந்து நேற்றைய தாளைக் கிழிக்க வேண்டும். முறை வைத்து எல்லாருக்கும் வரும். கிழித்ததை எறிவதில்லை, ஒரு கம்பியில் குத்தி வைப்போம். மாதம் முடிந்ததும் எல்லாத் தாள்களையும் சேர்த்து றப்பர் பாண்ட் போட்டுக் கட்டிவிடுவோம். அந்தக் கட்டுத்தான் ஒரு மாதம். பிள்ளை அதைக் கையில் வாங்கிப் பார்க்கும், தடிப்பைத் தடவும், "இது நான் கிழிச்ச தாள்" என்று தேடி எடுத்துக் காட்டும். மாதம் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒன்று அப்போது அதன் உள்ளங்கையில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் மூன்று தாள் கிழிக்க வேண்டிவரும். முதலில் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆச்சரியம். சனியும் ஞாயிறும் பாடசாலை இல்லை, ஆனாலும் நாள் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்து வரும்போது ஒரு கட்டுத் தாளே கிழிபடும். "நாங்க வராட்டியும் நாள் போகுமா டீச்சர்?" என்று ஒரு முறை ஒரு மகள் கேட்டாள். ஆறு வயதில் அது மிகப் பெரிய கேள்வி. அன்றைக்குக் கணிதம், தமிழ் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, லீவில் போன ஒவ்வொரு தாளுக்கும் யார் எங்கே போனார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று பேசினோம். அந்த ஒரு நாள் போனதில் எனக்குக் கவலையே இல்லை.

கட்டுகள் சேரத் தொடங்கியதும் அவற்றை வைக்க இடம் வேண்டும். கடையில் விற்கிற படங்களில் பன்னிரண்டு மாதமும் மேலிருந்து கீழே வரிசையாக இருக்கும். டிசம்பரோடு தாள் முடிந்துவிடும். "டிசம்பருக்குப் பிறகு?" என்று கேட்டால் பிள்ளைகள் "முடிஞ்சு டீச்சர்" என்பார்கள். படத்தைப் பார்த்தால் அப்படித்தானே தெரிகிறது! அதனால் மாதங்களை நான் எப்போதும் வட்டமாகவே வைக்கிறேன். பன்னிரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தேய்த்துக் கழுவி, வெளிப்பக்கத்தில் பெயின்றால் மாதத்தின் பெயரை எழுதி, வகுப்பின் மூலையில் ஒரு மேசையில் வட்டமாக அடுக்கிவைப்போம். முடிந்த மாதத்தின் கட்டு அந்தச் சிரட்டைக்குள் போகும். டிசம்பருக்குப் பக்கத்தில் ஜனவரி இருப்பதைப் பிள்ளை தினமும் காணும். இதற்குச் செலவு எதுவுமில்லை. சிரட்டையை வீட்டில் இருந்து பிள்ளைகளே கொண்டுவருவார்கள், கொண்டுவந்த பிள்ளைக்கு அந்த மாதத்தில் ஒரு உரிமையும் வந்துவிடும்.

சிரட்டைக்குள் தாள்க்கட்டு மட்டும் போடுவதில்லை. மாத முடிவில் "இந்த மாசம் எங்கட ஊரில என்ன நடந்த?" என்று கேட்பேன். பிள்ளைகள் சொல்வதில் ஒன்றைத் தெரிந்து, அதற்கு அடையாளமாக ஒரு பொருளைச் சிரட்டையில் போடுவோம். இங்கே ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன்: பொருளை ஆசிரியர் முடிவு செய்யக்கூடாது. நான் பெப்ரவரி 4 சுதந்திர தினத்துக்குக் கொடி போடலாம் என்று நினைத்திருப்பேன். பிள்ளைகளோ பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் கட்டிய றிபன் துண்டைப் போடுவார்கள். அதுதான் அவர்களின் பெப்ரவரி.

படுவான்கரைப் பிள்ளைகள் ஜனவரிச் சிரட்டையில் பெரும்பாலும் நெற்கதிரைத்தான் போடுவார்கள். தைப்பொங்கலும் அதில்தான், வேளாண்மை வெட்டும் அந்தப் பக்கம்தான் தொடங்கும். வெட்டுக் காலத்தில் யானையும் வரும். இரவில் அப்பா வயல் வாடியில் காவல் இருப்பார், யானை வெடிச் சத்தம் கேட்கும், காலையில் பிள்ளை நித்திரை முழியோடு வகுப்புக்கு வரும். "யானை வாற மாசம்" என்று ஒருவன் சொன்னால் அவனைத் திருத்த வேண்டாம். "ஓம், அதுக்குப் பேர் ஜனவரி, பெப்ரவரி" என்று பெயரை மட்டும் கூடச் சேர்த்துவிடுங்கள். அனுபவம் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் கொடுக்க வேண்டியது பெயர் ஒன்றைத்தான்.

எழுவான்கரையில் கடலோரப் பிள்ளைகளின் சிரட்டைகள் வேறு மாதிரி இருந்தன. அங்கே மார்ச், ஏப்ரல் பக்கம் கடல் அமர்ந்து கரைவலை இழுப்பு மும்முரமாகும். மார்ச்சுக்கு ஒரு மகன் வலைத்துண்டு கொண்டுவந்தான். நவம்பரில் கடல் அடிக்கத் தொடங்கினால் தோணிகள் மேலே ஏறிவிடும், அப்பா வீட்டில் இருப்பார். பெரியவர்களுக்கு அது வருமானம் குறைகிற காலம். அந்தப் பிள்ளைகளுக்கு நவம்பர் என்றால் அப்பா வீட்டில் நிற்கிற மாதம். இரண்டையும் வகுப்பில் பேசலாம்.

ஜூன், ஜூலையில் கச்சான் என்கிற மேற்குக் காற்று வீசும்போது வகுப்பில் ஒரு கொப்பி மேசையில் நிற்காது. கதவு படார் படார் என்று அடிக்கும், கண்ணுக்குள் மண் விழும். அந்தக் காற்றைச் சிரட்டையில் எப்படிப் போடுவது என்று பிள்ளைகள் பெரிய யோசனையில் இருப்பார்கள். ஒரு வருடம் கடதாசிக் காற்றாடி செய்து போட்டோம். இன்னொரு வருடம் ஒரு சின்ன மகள் ஒரு பிடி புழுதியைப் போட்டாள், அதையே வைத்துக்கொண்டோம்.

மே மாதத்தை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் நான் விளங்கப்படுத்த வேண்டி வந்ததில்லை. வைகாசிப் பூரணையை ஒட்டிக் கண்ணகை அம்மன் சடங்கு வரும், சில வருடம் மட்டும் அது ஜூனுக்குப் போய்விடும். எங்கள் பக்கத்தில் பல கண்ணகை அம்மன் கோயில்களில் வருடத்தில் அந்தச் சில நாட்களுக்கு மட்டும்தான் கதவு திறப்பார்கள். குளிர்த்தி என்ற கடைசிச் சடங்கு முடிந்ததும் அடைத்துவிடுவார்கள், மறுபடி திறப்பது அடுத்த வருடம்தான். "வருடம்" என்பதைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. போன முறை கதவு திறந்தபோது நீ எவ்வளவு உயரம்? அப்போது தம்பி பிறந்திருந்தானா? நீ எந்தச் சட்டை போட்டாய்? இப்படி ஒன்றொன்றாகக் கேட்டுக்கொண்டு சிரட்டை வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், கதவு அடைத்ததில் இருந்து திறப்பது வரைக்கும் உள்ள நீளம் பிள்ளைக்குத் தெரிகிறது. ஒரு மாதம் தாள்க்கட்டில் தெரியும், ஒரு வருடம் இந்தக் கதவில் தெரியும்.

கோயில் விழாக்களைச் சேர்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல விழாக்கள் அமாவாசை, பூரணை, நட்சத்திரம் பார்த்து வருபவை. மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஒரு வருடம் ஜூலையில் வரும், இன்னொரு வருடம் ஓகஸ்டில் வரும். கொக்கட்டிச்சோலைத் தேரும் அப்படித்தான், ஓகஸ்டா செப்டெம்பரா என்று அந்தந்த வருடம்தான் பார்க்க வேண்டும். இவற்றை மாதப் படத்தில் கம் போட்டு ஒட்டிவிட்டால் அடுத்த வருடம் பிழையாகிவிடும். உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பில் படத்தைக் குத்தி, வட்டத்தில் இடம் மாற்றக்கூடிய மாதிரி வையுங்கள். பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, ஒக்டோபர் 1 சிறுவர் தினம், நத்தார் இவை இடம் மாறாதவை, ஒட்டிவிடலாம். எது ஒட்டியது, எது கிளிப்பில் இருப்பது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கேட்பார்கள். கேட்டால் நிலாவைக் காட்டிச் சொல்லுங்கள்.

கல்முனைப் பக்கம் இருந்தபோது இந்தக் கிளிப் இன்னும் பெரிய வேலை செய்தது. முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து படித்த வகுப்பு அது. "நோன்பு எந்த மாசம் டீச்சர்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. பிறை பார்த்து வருகிற மாதம் என்பதால் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னுக்கு வந்துகொண்டிருக்கும். 2024இல் மார்ச் இரண்டாவது கிழமையில் தொடங்கியது, 2026இல் பெப்ரவரிக்கு வந்துவிட்டது. 2030இல் ஜனவரியில் ஒரு நோன்பும், டிசம்பர் கடைசியில் இன்னொன்றும் தொடங்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. கிளிப்பை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பின்பக்கமாக நகர்த்துகிறோம் என்பதே போதும். வாப்பா, மூத்தப்பா சின்ன வயதில் எந்த மாதத்தில் நோன்பு பிடித்தார்கள் என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லலாம். மழைக்குள் பிடித்தார்கள், கச்சான் வெக்கையில் பிடித்தார்கள் என்று விதம் விதமாகப் பதில் வரும், மற்றப் பிள்ளைகளும் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

போயாவை மறந்துவிடாதீர்கள். எங்கள் நாட்டில் ஒவ்வொரு பூரணைக்கும் லீவு. ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை வருகிற ஒன்று பிள்ளைக்கு வேண்டும் என்றால் இதைவிட லேசானது இல்லை. முதல் நாள் பின்னேரம் "நாளைக்கு ஏன் லீவு?" என்று கேட்டு, இரவில் வெளியே வந்து நிலாவைப் பார்த்துவரச் சொல்லுவேன். ஒரு பூரணைக்கும் அடுத்த பூரணைக்கும் இடையில் இருபத்தொன்பது, முப்பது தாள் கிழிபடும். எப்போதாவது ஒரே மாதத்தில் இரண்டு போயா விழுந்தால், ஏன் என்று கேட்கிற வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம், மற்றவர்களுக்கு விட்டுவிடலாம்.

இன்னும் சின்னப் பிள்ளை, நான்கு வயது என்றால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று பாருங்கள். தம்பிக்கு நிறை பார்க்கக் கிளினிக்குக்குப் போகிறபோது அக்காவையும் கூட்டிப்போங்கள். வளர்ச்சிக் கொப்பியில் மாதம் மாதமாக ஒவ்வொரு புள்ளி வைத்திருப்பார்களே, அதைக் காட்டுங்கள். "இந்தப் புள்ளி போன மாசம், இது இந்த மாசம், வாற மாசம் இங்க வைப்பாங்க." தம்பி வளர்வதும் மாதம் போவதும் ஒரே கோட்டில் தெரியும்.

பிறந்தநாள் பற்றிச் சொல்லவே தேவையில்லை, எல்லாரும் செய்வதுதான். முற்றத்து மணலில் பெரிய வட்டம் கீறி, பன்னிரண்டாகப் பிரித்து, அவரவர் பிறந்த மாதத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். யாருமே இல்லாத மாதம் இருந்தால் அங்கே அதிபரையோ, ஒரு பிள்ளையின் அம்மாவையோ நிறுத்துங்கள். மாதம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று பிள்ளைகள் மிகவும் கவலைப்படுவார்கள்.

இந்த மணல் வட்டத்தில்தான் வரிசையை நான் பழக்குகிறேன். பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாட்டு வேண்டும், அதில்தான் பெயர்கள் நாக்குக்குப் பழகுகின்றன. ஆனால் எப்போதும் ஜனவரியில் தொடங்கிப் பாடினால் பிள்ளைக்கு நடுவில் ஏறவும் தெரியாது, நடுவில் இறங்கவும் தெரியாது. ஆகவே இப்போது நடக்கிற மாதத்தில் தொடங்கிப் பாடவையுங்கள். மே மாதம் என்றால் மே, ஜூன், ஜூலை என்று போய் ஏப்ரலில் முடியட்டும். அடுத்த மாதம் ஜூனில் தொடங்கட்டும். ஒரு வருடம் இப்படிப் பாடிய பிள்ளைக்கு எங்கே கேட்டாலும் சொல்ல வரும். பந்தை எறிந்து "செப்டெம்பர்" என்று சொன்னால், பிடிக்கிறவர் அடுத்ததைச் சொல்லி இன்னொருவருக்கு எறிய வேண்டும். இது நன்றாகப் பழகிய பிறகு "முன்னுக்கு என்ன?" என்று மாற்றுங்கள். பின்னோக்கிச் சொல்வது பிள்ளைகளுக்கு மிகவும் கஷ்டம், தரம் மூன்றிலும் தடுமாறுவார்கள். அதற்காக ஏசக் கூடாது. வட்டத்தில் பின்பக்கமாக ஒரு அடி வைத்து நடந்து பார்த்துச் சொல்லட்டும்.

தடுக்குப்படுகிற இடங்கள் எல்லா வகுப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜூனும் ஜூலையும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். மார்ச்சுக்குப் பிறகு நேராக மேக்குப் பாய்வார்கள். செப்டெம்பர், நவம்பர், டிசம்பர் மூன்றும் ஒரே மாதிரி முடிவதால் ஒக்டோபரை இடையில் விட்டுவிடுவார்கள். இதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதைவிடச் சிரட்டைக்குள் இருக்கிற பொருள் உதவும். ஜூனில் மாங்கொட்டை இருக்கிறது, ஜூலையில் கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் நடந்து போனவர்களின் படம் இருக்கிறது. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்த பிள்ளை பிறகு மாற்றிச் சொல்வது குறைவு. ஒக்டோபரில் சிறுவர் தினத்துக்குக் கிடைத்த இனிப்பின் உறை இருக்கும். அதை எந்தப் பிள்ளையும் விட்டுவிட்டுப் போகாது.

கடைப் படங்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டிசம்பருக்குப் பனிமனிதன், ஒக்டோபருக்கு மஞ்சள் இலை உதிர்கிற மரம், மார்ச்சுக்குப் பூந்தோட்டம் என்று போட்ட படங்கள் இன்னும் வகுப்பறைச் சுவர்களில் தொங்குகின்றன. மட்டக்களப்புப் பிள்ளைக்கு டிசம்பர் என்றால் முற்றத்தில் தண்ணீர், வாவி வெள்ளம் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டுகிற பேச்சு, காயாத உடுப்பு. அப்படிப்பட்ட மழைக்குள் இருந்துகொண்டு பனிமனிதனுக்கு நிறம் தீட்டச் சொன்னால், மாதம் என்பது வேறு யாரோ ஒருவருடைய விடயம் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு மாரி இருக்கிறது, கோடை இருக்கிறது. ஒக்டோபர் பக்கம் விதைப்பு, நவம்பர், டிசம்பரில் பெருமழை, ஜனவரி, பெப்ரவரியில் வெட்டு, அதன் பிறகு வெயில், வாய்க்கால் தண்ணீர் உள்ள இடங்களில் சிறுபோகம் என்கிற இரண்டாவது வேளாண்மை. இதையே கீறவையுங்கள். படத்தைப் பிள்ளைகள் கீறட்டும், நீங்கள் பெயரை மட்டும் எழுதிக்கொடுங்கள். உலகத்தில் பனி பெய்கிற இடங்களும் இருக்கின்றன என்பதைப் பிறகு சொல்லலாம், அது நல்ல பாடம்தான். முதலில் தன் மழையைத் தெரிந்த பிள்ளைக்கு அது இன்னும் நன்றாக விளங்கும்.

வீட்டில் அம்மம்மாவின் மாதம் ஒன்று இருக்கிறது, பாடசாலையில் ஒன்று இருக்கிறது. எங்கள் பேச்சில் ஜனவரியைத் தை என்றும் ஏப்ரலைச் சித்திரை என்றும் சும்மா சொல்லிவிடுகிறோம். ஆனால் தை பிறப்பது ஜனவரி 14 அல்லது 15இல். ஜனவரி 5ஆம் திகதி பிறந்த பிள்ளைக்கு டீச்சர் "ஜனவரிப் பிள்ளை, தை மாசம்" என்பார், அம்மம்மா "இல்ல மனே, நீ மார்கழியில பிறந்த" என்பார். இரண்டு பேரையும் நம்புகிற பிள்ளை பாவம்! தரம் ஒன்றில் இரண்டு பட்டியலையும் ஒன்றாகத் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதற்காக அம்மம்மாவின் மாதத்தைப் பிழை என்றும் சொல்லக்கூடாது. "அதுவும் சரி, அது இன்னொரு கலண்டர், பிறகு படிப்பம்" என்று நிறுத்துங்கள்.

தரம் இரண்டு நடுப்பகுதியில் அந்தப் பிறகு வரும். பிரிஸ்டல் போர்ட்டில் பெரிய வட்டம் ஒன்று, சின்ன வட்டம் ஒன்று வெட்டுங்கள். பெரியதில் ஜனவரி முதல் டிசம்பர் வரை, சின்னதில் தை முதல் மார்கழி வரை எழுதி, நடுவில் ஒரு ஊசியால் இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள். சின்ன வட்டத்தை அரை மாத அளவு திருப்பி, ஜனவரியின் நடுவில் தை தொடங்குகிற மாதிரி வைத்தால் எல்லா மாதமும் தானாகச் சரிவந்துவிடும். ஏப்ரல் நடுவில் சித்திரை, அங்கே புத்தாண்டு. ஜூலை நடுவில் ஆடி, அங்கே ஆடிப்பிறப்புக் கூழ். ஜனவரி 5 எங்கே விழுகிறது என்று அந்தப் பிள்ளையே விரல் வைத்துப் பார்க்கும். மார்கழியில் விழும். அன்றைக்கு அது வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடம் சொல்லத் துடிக்கும். கலண்டர் தாளிலும் இரண்டு திகதியும் அச்சிட்டிருப்பார்கள், அதையும் அப்போது காட்டலாம். புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை என்ற பெயர்களைப் பெத்தா, மூத்தப்பா வாயால் கேட்டுப் பழகுவதுதான் நல்லது. விதைப்பையும் மழையையும் அந்தப் பெயர்களோடு சேர்த்துச் சொல்ல அவர்களுக்குத்தான் தெரியும்.

சில மாதங்கள் சில வீடுகளில் பாரமானவை. எழுவான்கரையில் டிசம்பரைப் பற்றிப் பேசும்போது நான் நத்தாரோடு நிறுத்திவிடுவதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியை இப்போதுள்ள பிள்ளைகள் காணவில்லை. ஆனால் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கிறது, வருடா வருடம் அந்த நாளில் விளக்கு ஏற்றுகிறார்கள். "டிசம்பரில எங்கட பெரியம்மாக்கு விளக்கு வைப்பம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். கேளுங்கள். அந்த ஆளின் பெயர் என்ன, எப்படி இருப்பாராம் என்று அமைதியாகக் கேளுங்கள். விரும்பினால் அந்தப் பிள்ளை சிரட்டையில் ஒரு திரியைப் போடட்டும். சொல்ல விரும்பாத பிள்ளையைச் சொல்லவைக்க வேண்டாம். பெரியவர்களுக்கு 1978 நவம்பர் 23 சூறாவளியும் அப்படி ஒரு நாள்தான். அதைப் பற்றி மூத்தப்பாமாரிடம் கேட்டுவந்து பிள்ளைகள் சொல்கிற கதைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை.

மாதக் கணக்கு உண்மையில் தேவைப்படுகிற பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் இருக்கிறார்கள். அம்மா மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருப்பார், பிள்ளை அம்மம்மாவோடு இருக்கும். பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தம். "இன்னும் எத்தனை மாசம் டீச்சர்?" என்று கேட்கிற பிள்ளைக்கு மாதம் ஒரு பாடம் இல்லை, அது அம்மா. அப்படிப்பட்ட பிள்ளையிடம் இலக்கத்தை மட்டும் சொல்லாமல் சிரட்டை வட்டத்துக்குக் கூட்டிப்போவேன். அம்மா போனது எந்தச் சிரட்டையில் என்று தேடி, அங்கிருந்து இரண்டு முறை சுற்ற வேண்டும் என்று காட்டுவேன். இவ்வளவு சுற்றிவிட்டோம், இவ்வளவு இருக்கிறது. ஒரு பாசிமணியை அம்மாவின் அடையாளமாக வைத்து, மாதம் முடிய அடுத்த சிரட்டைக்கு அதைப் பிள்ளையே நகர்த்தட்டும். ஆனால் "இந்த மாசம் கட்டாயம் வருவா" என்று எந்த ஆசிரியரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒப்பந்தம் நீடிக்கலாம், டிக்கெட் பிந்தலாம். "இந்தப் பக்கத்தில வருவா எண்டு அம்மம்மா சொல்லியிருக்கா, நாங்க பாத்துக்கொண்டிருப்பம்" என்பதோடு நிறுத்துங்கள். அம்மம்மாவோடும் முதலிலேயே பேசி, அவர் சொன்ன மாதத்தையே நீங்களும் சொல்லுங்கள். இரண்டு பேர் இரண்டு மாதம் சொன்னால் அந்தப் பிள்ளை தாங்காது.

எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்பதைத் தரம் மூன்று வரை தள்ளிவைக்கலாம். அப்போது கையைப் பொத்திப் பிடித்து, விரல் மொழிகளில், அதாவது விரல்களின் அடியில் மேடாகத் தெரிகிற முட்டுகளில், எண்ணுகிற முறையைக் காட்டுங்கள். சுட்டுவிரல் மொழியில் ஜனவரி, அடுத்த பள்ளத்தில் பெப்ரவரி, நடுவிரல் மொழியில் மார்ச் என்று போனால், மொழியில் விழுகிறதெல்லாம் முப்பத்தொரு நாள், பள்ளத்தில் விழுகிறவை முப்பது, பெப்ரவரி மட்டும் அதிலும் குறைவு. சின்னவிரல் மொழியில் ஜூலை விழும், ஓகஸ்டுக்குத் திரும்பவும் சுட்டுவிரல் மொழியில் தொடங்க வேண்டும். அந்த இடத்தில் பிள்ளைகள் எல்லாரும் ஒரு முறை சறுக்குவார்கள், ஆகவே அதை மட்டும் நன்றாகச் செய்துகாட்டுங்கள். தரம் ஒன்றில் சேர்த்த தாள்க்கட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தால் அப்போது எண்ணிச் சரிபார்க்கலாம். பெப்ரவரிக் கட்டு மெலிந்திருப்பதை அவர்கள் முன்பே கவனித்திருப்பார்கள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதற்கு இன்னொரு தாள் கூடும், அடுத்தது 2028இல்.

வீட்டில் செய்வதற்குத் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. குசினிச் சுவரில் மாதக் கலண்டர் ஒன்று எப்படியும் தொங்கும். அதில் காஸ் சிலிண்டர் மாற்றிய நாளை அம்மாமார் எழுதிவைப்பார்கள். இனிமேல் அதைப் பிள்ளையின் கையால் எழுதவையுங்கள். கதிரை போட்டு ஏறி, பென்சிலால் ஒரு வட்டம் போட்டால் போதும். லைட் பில் வந்த நாள், கோழி அடை வைத்த நாள், பல் விழுந்த நாள் எல்லாவற்றையும் அதே மாதிரிக் குறிக்கலாம். அடுத்த முறை சிலிண்டர் முடிந்ததும் நீங்கள் எண்ணாதீர்கள். பிள்ளையே தாளைப் பின்னுக்குப் புரட்டி, போன வட்டத்தைக் கண்டுபிடித்து, இடையில் எத்தனை மாதம் போயிருக்கிறது என்று சொல்லட்டும்.